முதல் பிரிவு

நாற்பத்தோராயிரம் சொற்கள்.
டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்,
ஹாலோஃபீல்ட் முனை என் மேசைமீது கிடக்கிறது
தரைதட்டிய கப்பல்போல,
சரக்கெல்லாம் ஒருபக்கமாய்ச் சரிந்து.

எனக்கு முன் இதை எழுதியவர் ஆம்ப்ரோஸ் டில்.
ஆளுநர்கள்மேல் அவருக்கு ஒரு காதல்.
பதினேழு ஆளுநர்கள், பதினேழு உட்தலைப்புகள்.
ஒருவர் பதவியில் இருந்ததே பதினொரு நாள்,
அதில் ஒன்பது நாள் பேதி.
பட்டினிக் குளிர்காலத்துக்கு ஒரு பத்தி.
கோட்டைச் சுவரின் மரக்கட்டைகளுக்கு
நான்கு பக்கம், படத்தோடு.

வெட்டினேன், ஒட்டினேன்.
காலவரிசையில் வைத்தால் கதை ஓடுகிறது,
புகையிலை வழியெல்லாம் சிதறுகிறது.
பொருள்வரிசையில் வைத்தால் புகையிலை ஒரே கட்டாய்க் கிடைக்கிறது,
செத்தவர்கள் அடுத்த பிரிவில் எழுந்து நடக்கிறார்கள்.
தளபதி ரூக்வுட் நேற்று மட்டும் மூன்று முறை இறந்தார்.

டாம்சின் ஓரல்.
இவளை எங்கே வைப்பது?
நீதிமன்றப் பதிவேட்டில் ஒன்றரை வரி:
ஒப்பந்தப் பணிப்பெண், வயது பதினாறு,
பொதுக் கிடங்கிலிருந்து ஒரு தொப்பி மக்காச்சோளம்,
இருபது கசையடி.
'உணவு' என்ற தலைப்பில் திருடியாய் நின்றாள்.
'சட்டம்' என்ற தலைப்பில் எடுத்துக்காட்டாய்.
'பெண்கள்' என்ற தலைப்பில்
ஆளுநர் மனைவியின் நிலைக்கண்ணாடி
அவளுக்கு இடம் விடவில்லை.
டில் அவளை அடிக்குறிப்பில் வைத்திருந்தார், எண் 212.
அடி வாங்கியவளுக்கு அடிக்குறிப்பு,
கணக்கு சரிதான் என்று சிரித்தேன்.
பிறகு சாண்ட்விச்சைப் பிரிக்கவே இல்லை.

வியாழக்கிழமை வெர்லீன் டென்னி தொலைபேசியில் வந்தாள்.
ஆற்றின் மேல்வளைவில் ஷாட் மீன்குஞ்சுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள்.
கப்பலின் நிழல் அந்தத் தண்ணீரில் விழும் முன்பிருந்தே
அவள் சனம் அங்கே.
முதல் பிரிவை மட்டும் சரிபார்க்க அனுப்பியிருந்தேன்.
பம்பு இரைச்சலுக்கு மேலே கத்தினாள்:
"பின்னணி என்று போட்டிருக்கிறீர்கள்."
ஆமாம், வழக்கமான தலைப்புதான்.
"முன்னால் இருந்தவர்கள் நாங்கள்."
கொஞ்சம் பம்பு மட்டும் பேசியது.
"மூன்று பத்தி. அதில் இரண்டு
நிலம் எவ்வளவு காலியாய்க் கிடந்தது என்று.
காலி நிலத்தில் விளைந்த சோளத்தையா
அந்தப் பெண் திருடினாள்?"

போனை வைத்துவிட்டுத் தேடினேன்.
பிரிவு ஒன்பது, 'வரவு செலவு':
நவம்பரில், மேல்கரையிலிருந்து,
முந்நூறு புஷல் சோளம் பெறப்பட்டது.
பெறப்பட்டது.
யார் தந்தார் என்று இல்லை.
அந்தப் 'பட்டது'க்குள் பட்டவர்கள் எத்தனை பேர்?
பிரிவு பதினான்கு, 'படை நடவடிக்கைகள்':
அதே வாரம், அதே கரை,
பதினொரு வீடுகள் எரிந்தன.
தாமாகவே எரிந்ததைப்போல.
இடையில் வழிபாடு, கட்டடக்கலை,
நோய்கள், பொழுதுபோக்கு.
யாரும் பொய் எழுதவில்லை.
தள்ளித் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.
நானும் மூன்று வாரமாய் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரவு பத்தரைக்குக் கீழே கம்பிரஸர் நின்றது.
எரிந்த வீடுகளை இழுத்துவந்தேன்,
அதன் கீழே முந்நூறு புஷல்,
அதன் கீழே ஒரு தொப்பி,
தொப்பியைப் பிடித்திருந்த கை.
ஆளுநர்களை ஒரே அட்டவணையில் அடைத்தேன்.
பேதிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே உயரக் கட்டம்.

முதல் பிரிவின் தலைப்பை அழித்துவிட்டேன்.
பொருளடக்கத்தில் இப்போது
ஒன்று என்ற எண், ஒரு புள்ளி,
பிறகு பக்க எண்வரை வெறும் கோடு.
திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.
வெர்லீனைக் கேட்கலாம்.
நாளை அவர்கள் ஆற்றில் குஞ்சு விடும் நாள்,
போனை எடுக்கமாட்டாள்.