ஒவ்வொன்றிலும் இரண்டு நொடி

ஐஸ் கம்பெனிக் கணக்கை மூடிவிட்டு வந்து
மொட்டைமாடியில் மடிக்கணினியைத் திறக்கிறேன்.
பிவிசி குழாய்க்குள் நாற்பத்தேழு சென்டிமீட்டர் செம்புக்கம்பி,
காக்கை உட்காராதிருக்கக் கட்டிய கிழிந்த வலைத்துண்டு,
விரல்நீள டாங்கிள்.
இவ்வளவுதான் என் காது.

தங்கச்சிமடத்தில் சனிக்கிழமை இரவு.
காலையிலேயே டோக்கன் வாங்கிப் போய்விட்டன படகுகள்.
செல்போன் கோபுரம் கொஞ்ச தூரத்தில் கையை விட்டுவிடும்,
அதற்கப்பால் சீனத்து வாக்கிடாக்கி.
ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு ரகசிய எண்,
மீன் கிடக்கும் இடத்தை அடுத்தவன் கேட்டுவிடக் கூடாதென்று
பீடிக்கட்டின் தாளில் எழுதிக் கைமாற்றுகிற எண்.
கஸ்பார் அதை என்னிடமும் சொல்வதில்லை.
"பொம்பளைக்கு எதுக்கு?" என்றார் போன மாதம்.
நான் வாதாடவில்லை.
மென்பொருளை இறக்கினேன்.

நூற்று முப்பத்தாறிலிருந்து நூற்று எழுபத்துநாலு வரை
பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸ் படிகளாக ஏறுகிறது.
குரல் இருந்தால் நிற்கும்.
இல்லையென்றால் தாண்டும்.
பேசி ஓய்ந்த பிறகும் இரண்டு நொடி காத்திருக்கும்,
பதில் வந்தாலும் வரும் என்று.
இந்த வீட்டில் யாரும் யாருக்கும் தராத இரண்டு நொடி.

திரையில் நீலம் சொட்டிக்கொண்டே இருக்கிறது.
அருவி என்று பேர் வைத்திருக்கிறார்கள்,
எனக்கென்னவோ மாவு சலிப்பதுபோல.
பேசுகிறவன் மஞ்சள் கோடாக விழுகிறான்,
சத்தம் போட்டால் கோடு தடிக்கிறது.
பாலத்துக்குச் சிக்னல் கேட்கிற ரயில்காரர்.
பதினாறாம் சேனலில் ஒரு கப்பல், யாரும் பதில் தராத ஆங்கிலம்.
மண்டபத்துப் படகொன்றில் ஆணத்துக்கு உப்பு கூடிவிட்டதாம்.
எவனோ பொத்தானை விடாமல் பிடித்தபடி இருமுகிறான்,
அவன் நுரையீரல் மொத்தமும் என் மாடியில்.

எட்டாவது இரவில் பிடித்தேன்:
நூற்று நாற்பத்தெட்டுப் புள்ளி மூன்று இரண்டு ஐந்து.
"நீவாடு வடக்க இழுக்குது மாப்ள, எட்டுப் பாகத்துல போடு."
சிரித்தார்.
வீட்டுக்குக் கொண்டுவராத சிரிப்பு.
பட்டியலில் சேர்த்து, பெயர்க் கட்டத்தில் 'வீடு' என்று அடித்தேன்.
முன்னுரிமையும் கொடுத்தேன்,
எங்கே சுற்றினாலும் நொடிக்கொரு தரம்
அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வரும்.

இன்று, மணி இரண்டேகால்.
வீடு மௌனம்.
அதற்குக் கொஞ்சம் மேலே மெலிந்த ஒரு கோடு.
"ஓம், விளங்குது. பதினெட்டுத் துண்டு வலை அண்ணை.
இழுவைப் படகு அள்ளிக்கொண்டு போயிட்டுது.
ஒரு மிதப்பும் மிஞ்சேல்லை.
கடன் தந்தவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"
பேசாலையோ, தலைமன்னாரோ.
இப்படியான இரவில் அந்தக் கரை நாலு மாடி தள்ளித்தான்.
அண்ணை சொன்ன பதில் எனக்கு எட்டவில்லை, வெறும் இரைச்சல்.
பிறகு அதே குரல்:
"எத்தினை மணிக்கோ? பன்னிரண்டரை இருக்கும்."

பன்னிரண்டரைக்கு வீடு பேசியது.
பதிவுக் கோப்பில் நேரத்தோடு இருக்கிறது,
பன்னிரண்டு முப்பத்தொன்று:
"மடில என்னமோ சிக்குதுடா, கனக்குது. வெட்டி விடு, வெட்டி விடு."
அப்போது பாறை என்று நினைத்தேன்.
பாறையை யாராவது வெட்டிவிடுவார்களா?

வேண்டாததை விலக்க ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் தேடல் அந்த எண்ணை இனித் தொடாது.
தெருவிளக்கு, அடுத்த வீட்டு இன்வெர்ட்டர், கேபிள் பெட்டி,
எல்லாவற்றின் வாயையும் அப்படித்தான் அடைத்தேன்.
விரல் அதன்மேல் இருக்கிறது.
டாங்கிள் சூடேறி எண்கள் மெல்ல நழுவுகின்றன,
திருத்த வேண்டும்.
பெயர்க் கட்டத்தில் குச்சி துடிக்கிறது.
அவன் பேர் தெரியாது.
'பதினெட்டுத் துண்டு' என்று அடித்துச் சேமித்தேன்.

விடிந்ததும் கஸ்பார் வருவார்.
டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு, மீன் கணக்கு
எல்லாம் நான்தான் எழுத வேண்டும்.
ராத்திரி மடியில் என்ன சிக்கியது என்று கேட்பேன்.
கேட்டுவிட்டு
இரண்டு நொடி நிற்பேன்.