மீதி ஸ்கோர்

காசிமேட்டு லோக்கல் கேபிளில்
இரவு ஒன்பதரைக்கு டெசிமா வருவாள்.
மீன்வலைக் குடோனுக்கு மேல் ஒற்றை அறை.
வியாசர்பாடி மூன்று, கல்யாணபுரம் ஒன்று என்பாள்;
ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்து
எங்கள் பெயர் வரும்வரை வாயைத் திறக்க மாட்டோம்.
லுங்கிக்கடை விளம்பரம் பிடித்ததும்
அவளுக்கு ஒரு கோட்டு,
கேரம் பைனலுக்குத் தனி மேளம்.

செட்டாப் பாக்ஸ் வந்த வருஷம்
"மீதி ஸ்கோர் நாளைக்கு" என்று கும்பிட்டாள்.
மறுநாள் அந்நேரம் நகை ஏலம் ஓடியது.
தெருவே திட்டியது.
எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி.

போன வாரம் டோல்கேட் மருந்துக்கடையில்
சீட்டில் என் பெயரைப் பார்த்துக் கேட்டாள்:
"அன்னிக்கு மேட்ச்சு என்னா ஆச்சு?"
"ஆறுக்கு ஜீரோ. கோல்கீப்பர் நான்தான்."
நிமிர்ந்தாள்,
கேமராவைத் தேடுகிற மாதிரி.
பிறகு, சில்லறை இருக்கா என்றாள்.