மூன்று தனுக்‌ஷன்கள்

பத்தரமுல்லையில் ஒன்பதாம் மாடி,
குளிரூட்டிக்கு நேர் கீழே என் மேசை.
அங்கிருந்துதான் கண்டேன்:
மட்டக்குளியில், ரொசலின் டீச்சரின் முன்பள்ளியில்
ஒரே பிறந்தநாளோடு மூன்று பிள்ளைகள்.
ஒரே தாய், ஒரே போன் நம்பர்,
மூவருக்கும் உயரம் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.

ஒருவனைச் சிங்களத்தில் எழுதியவர் குடும்பநல மாது.
ஒருவனை ஆங்கிலத்தில் எழுதியது மாநகரசபை.
மற்றவன் டீச்சரின் தமிழ்.
நம்முடைய ‘த’ கடல் தாண்டினால்
என்னென்ன எழுத்தாகும் என்று
நான் எழுதிய நிரலுக்குத் தெரியாது.
மூவரையும் எண்ணியது.
‘நன்றி, பதிவு நிறைவுற்றது’ என்றது.

புறக்கோட்டையில் பஸ் மாறிப் போனேன்.
டயர் கடைக்கு மேலே ஒரே அறை.
கணினியில் இருபத்தாறு.
பாயில் இருபத்தாறு.
பதிவுக்கு ஒன்றாக வாளியில் இருபத்தாறு முட்டை.
“சரியாத்தானே இருக்கு, மிஸ்”
என்றார் டீச்சர், உரித்தபடியே.

டேப்லெட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன்.
தனுக்‌ஷன் எழும்பினான்.
பிறகும் எழும்பினான்.
மூன்றாம் முறை
முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு எழும்பினான்.

ஜன்னலோரம் இரண்டு பேர்
கடைசிப் பெயர் வரைக்கும் இருந்த இடத்திலேயே.

மிர்ஷாத். அவன் தங்கச்சி நுஸ்கா.
கால்வாய்க் கரை.
“உம்மா வெளிநாடு.
எந்த ஆஸ்பத்திரியில பிறந்ததெண்டு சொல்ல ஆளில்ல.
உங்கட படிவம் விடுதில்லையே, மிஸ்.”

விடாது.
‘பிறப்பு அத்தாட்சிப் பத்திர இலக்கம்’
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்:
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
போலிப் பதிவைத் தடுக்க வேண்டுமென்று
தேநீர் ஆறிப்போகும்வரை கூட்டத்தில் வாதாடி
அதை வைத்தவள் நான்.

அன்றிரவு மூவரையும் ஒருவனாக்கினேன்.
அழிப்பதற்கு அனுமதி தேவையில்லை,
ஒரு சொடுக்கு.
நட்சத்திரத்தை எடுக்க
இரண்டு கையொப்பம், ஒரு உபகுழு,
அடுத்த மாதம் கூடும்.
மிர்ஷாத், நுஸ்கா இருவரையும்
கடதாசியில் எழுதி அனுப்பினேன்.
நிலை: பரிசீலனையில்.

திங்கட்கிழமை மட்டக்குளிக்கு
இருபத்துநாலு முட்டைதான் வரும்.
சொல்ல வேண்டுமே என்று போன் எடுத்தேன்.
அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்,
யாரோ அழுகிற சத்தம், யாரோ பாடுகிற சத்தம்.

“பரவாயில்ல, மிஸ்,” என்றார் டீச்சர்.
“கத்தி இருக்கு.”