அரைப்பேர்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா காலி.
தொட்டில் சேலைகளைச் சுருட்டி
உத்திரத்தில் முடிந்துவிட்டு மேசை போட்டோம்.
மேசையென்றால் பால்மாப் பெட்டிகள்மேல் ஒரு கரும்பலகை.
நாற்காலிகள் மூன்று வயதுக்குச் செய்தவை.
மூன்றாம் வருட மாணவர் ஐந்து பேர்
தவளைகள்போல் குந்தியிருந்தோம்.

பேராதனையில் விடிய மூன்றரைக்கு வெளிக்கிட்ட வேன்
மஸ்கெலியா தாண்டியதும் இருமத் தொடங்கியது.
பூனைக்கல் தோட்டம், மேல்கணக்கில்
அதுதான் முதல் நோயாளி.

"பேர்?" என்றேன், படிவத்திலிருந்து தலை நிமிராமல்.
"நேத்து அரப்பேருதாங்க."
எழுதப்போனேன்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
பருத்தித்துறையில் பேர் என்றால் கூப்பிடுவது.
இங்கே அது நாள்கூலி,
கொழுந்து குறைந்தால் பாதியாய் விழுவது.
சிவனாயி, ஐம்பத்திரண்டு வயது.
படிவத்தில் அவ்வளவுக்குத்தான் இடம்.

தராசில் ஏறச் சொன்னோம்.
செருப்பைக் கழற்றினார். தலைத்துண்டை அவிழ்த்தார்.
வெத்திலைப் பையையும் எடுத்து ஓரமாய் வைத்தார்.
முப்பத்தொன்பது.
"எத்தன கிலோ கழிச்சீங்க?"
ஒண்டுமில்லை என்றேன்.
"தண்ணிக்கு? சாக்குக்கு?"
இல்லையம்மா, நிறுத்தது முழுக்க உங்கட.
இறங்கி, மறுபடி ஏறி,
குனிந்து முள்ளைத் தானே பார்த்தார்.

நிலூகா கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
வெள்ளை.
ஒன்றும் பேசாமல் குறிப்பில் இரண்டு கோடு போட்டாள்.
இரும்புக் குளிசை ஒரு மாதத்துக்கு.
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம்.
குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாமென்று
நாலாபுறமும் தேயிலை பார்த்திருக்கச் சொன்னேன்.
"அப்ப எதோட?"
தோடம்பழச் சாறு, என்றாள் பர்ஹானா,
பாடத்தில் அப்படித்தான் இருந்தது.
அந்தச் சொல் கொஞ்ச நேரம்
எங்கும் உட்காராமல் நின்றது.
"பச்சத் தண்ணியோட," என்றது வரிசையில் ஒரு குரல்.
அதையே எழுதிக் கொடுத்தோம்.

"கிளினிக்கு என்னிக்கு?"
வியாழன்.
"அன்னிக்குப் பேரு போயிருமே."
கடிதத்தை நான்காய் மடித்து
வெத்திலைப் பைக்குள் வைத்தார், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில்.

நாலு மணிக்கு மழை. எண்பத்தாறு படிவம்.
வேன் கிளம்பவில்லை, தள்ளினார்கள்.
தள்ளியவர்களில் சிவனாயியும் இருந்தார்,
நனைந்த கண்ணாடியில் அவர் கை மட்டும் தெரிந்தது.
எஞ்சின் பிடித்ததும் யன்னலுக்கு ஓடிவந்தார்,
மூச்சு வாங்க:
"அந்தத் தராச இங்கயே உட்டுட்டுப் போங்களேன்.
நெறுவைக்கு ஆவும்."

பீடத்தின் தராசு. நான் கையெழுத்து வைத்து எடுத்தது.
ஹட்டன் வரை மடியில் வைத்திருந்தேன்.
ஒவ்வொரு வளைவிலும் முள்
எதையோ நிறுத்துக்கொண்டு வந்தது.