பட்டாணித் தெருவில் ஐந்து பெட்டிகள்

தார்த்து நகரில்
தெருக்களுக்குக் காய்கறிப் பெயர் வைத்த
பேட்டை ஒன்று உண்டு.
உருளைக்கிழங்குத் தெருவைத் தாண்டி
பட்டாணித் தெருவில்
மஞ்சள் மரவீடு.
ஐந்து வருடம் முன்பு ஓர் ஏப்ரலில்
டேப்போடு போய் நின்றேன்.

"மே வந்தால் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காது" என்றாள் உர்வே.
"அக்டோபர் வந்தால் வெளியே இருக்க முடியாது" என்றான் ஹெல்துர்.
ஒரே வாக்கியத்தை
ஆளுக்குப் பாதியாகப் பேசினார்கள்.
அப்படிப் பேசுகிறவர்கள் வீட்டில்
அளவெடுப்பது சுலபம்.

வாசல் எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
பெட்டி அறுபது.
மிச்சமுள்ள பதினெட்டில்
தள்ளுகிறவரின் விரல்முட்டி தப்பிக்க வேண்டும்.
அடுப்புக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று,
மாவு பிசைய பிர்ச் பலகை போட்ட மேடை ஒன்று,
இழுப்பறை ஒன்று.
ஐந்தாவது காலி.
"இதில் என்ன?"
"இன்னும் தெரியாது" என்று சிரித்தார்கள்.
அந்தத் தெரியாததற்கும்
நான்கு சக்கரம் பூட்டினேன்.

பெட்டியும் பெட்டியும் சேரும் இடத்தில் கொக்கி.
ஆணி இல்லை, பசை இல்லை,
கட்டைவிரலால் அமுக்கினால் விடும்.
குழந்தைகூடப் பிரிக்கலாம் என்பேன்.
என் விற்பனைப் பேச்சிலேயே நல்ல வரி அது.

நான்கு கோடை அது வெளியே போயிற்று,
ஆப்பிள் மரத்தடியில் வளைந்தும்
விருந்தாளி வந்தால் நீண்டும்.
இருட்டு வர மறந்துபோகும் ஜூனில்
இரவு பதினோரு மணிக்கும்
விளக்கில்லாமல் மீனுக்குச் செதில் உரசுவார்கள்.
ஒரு வசந்தத்தில் ஆறு பொங்கித் தோட்டத்துக்குள் வந்தது.
தெருவில் பல வீட்டு அலமாரிகள் நனைந்து ஊதின.
இது மட்டும் சாய்பலகையில் ஏறி
நடு அறையில் உலர்ந்து நின்றது.
அந்த வாரம் எனக்கு மூன்று புது ஆர்டர்.

ஐந்தாம் கோடைக்கு முன் தொலைபேசி.
"பிரிக்க வேண்டும்" என்றான்.
"அமுக்கினால் விடுமே."
"விட்டுவிட்டது.
தண்ணீர் முனையை மட்டும்
ஒழுகாமல் அடைத்துத் தர வேண்டும்."

அவன் தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிமாறியிருந்தான்.
அடுப்பும் இழுப்பறையும் அவனுக்கு.
தொட்டியும் மேடையும் அவளுக்கு.
காலிப் பெட்டியை யாரும் கேட்கவில்லை.
இரண்டு வாசலுக்கும் நடுவே புல்லில் நின்றது,
மேலே ஒரு பூனை.

ரம்பம் வைத்து அறுக்க வேண்டியிருந்தால்
அந்தச் சத்தத்தில்
யாராவது ஒருவர் நிறுத்தச் சொல்லியிருப்பாரோ?
நெகிழ வேண்டும் என்று கேட்டார்கள்,
நெகிழச் செய்தேன்.
எதற்கெல்லாம் நெகிழும் என்று
வரைபடத்தில் எழுதுவதில்லை நாங்கள்.

தண்ணீர் இல்லாத அடுப்பு.
நெருப்பு இல்லாத தண்ணீர்.
கோடை முழுக்க அவன்
பாத்திரத்தோடு அவள் ஜன்னலுக்குப் போனானாம்.
பிசைந்த ரை மாவை ஈரத்துணியால் மூடி
கொட்டகை வாசலில் வைத்துவிட்டு
அவள் திரும்பிவிடுவாளாம்.
சாயங்காலம் ரொட்டி பாதியாக வந்து சேருமாம்.
பேசிக்கொண்டார்களா என்பது
பக்கத்து வீட்டு லேலோவுக்கே தெரியவில்லை,
அவளுக்குத் தெரியாதது அந்தத் தெருவில் குறைவு.

அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு.
அவள்: "ஒற்றை அடுப்பு என்ன விலை?"
சொன்னேன். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.
அவன்: "பன்னிரண்டு மீட்டர் குழாய்,
உறைபனியில் வெடிக்காதது."

கொண்டுபோனேன்.
புல் முழுக்க வெள்ளை விறைத்திருந்தது.
அதில் பச்சையாக இரண்டு கோடு,
சக்கரத் தடம்,
கொட்டகையில் கிளம்பி
காலிப் பெட்டிவரை.
அங்கே நின்றிருந்தது அடுப்பு, பிரேக் போட்டபடி.
கொக்கி மாட்டவில்லை.
நடுவே ஒரு விரல்கடை.

டேப்பை எடுத்தேன், இழுக்கவில்லை.
கண்ணளவுக்கே தெரிந்தது,
இப்போது ஐந்து மீட்டர் போதும்.
பன்னிரண்டையும் சுருட்டி
காலிப் பெட்டிக்குள் வைத்தேன்.
பில்லில் ஐந்து என்று போட்டேன்.
சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டதை
எழுதவில்லை.