தானாய் வரும் 'ங்க'

சோமனூர்த் தறிக்குடோனில்
பேசினால் எழுதும் வசதி எடுபடவில்லை.
"பாவு நூல் வரலை" என்றேன்.
பதினாறு தறிச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டு
"பாவம் நூறு தடக் வரலாறு" என்று எழுதியது.
அவசரத்தில் அதை அப்படியே அனுப்பிவிட்டேன்.
நாலு சிரிப்பு முகம் வந்தது.
நூல் வரவில்லை.

பிறகுதான் இழுத்து எழுதப் பழகினேன்,
இங்கிலீசு எழுத்துமேல் ஓடித்
தமிழில் போய் நிற்கிற ஓட்டம்.
திரையில் படிந்த பஞ்சைத் தாவணியில் துடைத்து
இடது கையில் கோனைப் பிடித்தபடி
கட்டைவிரலை எடுக்காமல் ஒரே இழுப்பு.
பக்கத்துக் குடோன் வசந்தாமணி
இரண்டு விரலால் குத்திக் குத்தி
முதல் வரி முடிப்பதற்குள்
எனக்கு நீல டிக்கே வந்துவிடும்.

'வரலை'க்கு மூன்று தடவை
இடது ஓரம் தொட்டுத் திரும்ப வேண்டும்.
அனுப்பி அனுப்பி
இப்போது பாதி வழியிலேயே புரிந்துகொள்கிறது.
'கூலி' அப்படியில்லை,
வலது மூலைக்குள்ளேயே
கொஞ்சம் நெளிந்து முடிந்துவிடும்.

மூன்றாவது சனிக்கிழமையும் கூலி ஏறவில்லை.
சென்னியப்பனுக்கு, நின்றபடியே,
'பணம் எங்கே' என்று இழுத்தேன்.
'பணம் எங்கேங்க' என்றது.
'ஏமாத்தாதே' என்று இழுத்தேன்.
'ஏமாத்தாதீங்க.'
'நீயெல்லாம் ஒரு மனுசனா'வுக்கு
'நீங்கெல்லாம் ஒரு மனுசனுங்களா.'

ஆறு வருசமாய் நான் தீனி போட்டு வளர்த்தது.
கரண்டு ஆபீசுக்கு, சீட்டுக்காரருக்கு,
ராங் நம்பருக்குக்கூட
'ங்க' போட்டே எழுதியவள்.
கோபத்துக்கென்று ஒரு இழுப்பை
அதற்குக் காட்டவே இல்லை.

அழித்தேன்.
வசந்தாமணி மாதிரி ஒவ்வொன்றாய்க் குத்தினேன்.
'போ' வந்தது. அடுத்த எழுத்துக்கு
விரல் இறங்குவதற்குள்
கரண்டு போனது.

பதினாறு தறியும் ஒன்றாக நின்றால்
காதுக்குள் ஒரு பள்ளம் விழும்.
பல்லி சொல்வதுகூடக் கேட்டது.
இதுதான் சமயமென்று
மைக்கை அழுத்தினேன்.
மூன்று வார வசவும் தொண்டைவரை வந்து நிற்க
வாய் திறந்தேன்.

"ஏனுங்க"

இந்த ஒரு தடவைதான்
பிழையில்லாமல் எழுதிக்கொண்டது.

அந்தச் சொல்லை மட்டும் அனுப்பினேன்.
இரண்டு டிக்.
இரண்டும் நீலமானது.
'எழுதுகிறார்' என்று காட்டியது, நின்றது,
மறுபடி காட்டியது.

கரண்டு வந்துவிட்டது.