முகத்துவாரம்

விடிய ஐந்தரைக்கு அலாரம்.
அவள் பெய்து வைத்ததில்
கண்ணாடிக் குழாய்க்கு முக்கால்வாசி எடுத்து
ஸ்பிரிட் விளக்கில் பிடிப்பேன்.
மேற்பாதிக்கு மட்டும் சூடு காட்டு என்று
வாட்டில் மிஸ் பழக்கித் தந்தது.
தெளிந்திருந்தால் கொப்பியில் 'இல்லை'.
புகைபோலக் கலங்கினால் ஒரு சக.
திரைந்த தேங்காய்ப்பாலாய்க்
கட்டி கட்டியாக இறங்கினால்
மூன்று சக.
மாசி முழுக்க மூன்று சக.

அவள் தின்ற மீனும் முட்டை வெள்ளையும்
அவளில் தங்காமல்
என் கைக் குழாயில் வந்து நிற்கிறது.

கத்தாரிலிருந்து வீடியோவில் இவர்:
"நல்லாப் பூரிச்சிருக்காளே யதுர்ஷா!"
போனை இறக்கி
அவள் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தேன்.
அந்தப் பள்ளம் நிரம்பும்வரை
பிடித்தபடியே இருந்தேன்.
மறுகா அவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

சித்திரை.
கல்லாற்று ரோட்டில் தார் செருப்போடு எழும்புகிற வெயில்.
போர்வை கேட்டாள்.
ஃபேனை நிப்பாட்டச் சொன்னாள்.
ஒரு 'ஓம்' சொல்ல
அடுப்பில் உலை கொதிக்கிற நேரம் எடுத்தாள்.
குரல், யாரோ வயதுக்கு மூத்த பொம்பிளையின் குரல்.
ஐந்து நாள் வயிறு போகவில்லை.
கணக்கு டீச்சர் சிவப்பு மையில்:
கவனம் போதாது. சோம்பல்.
நானும் அடித்தேன். ஒரு தரம். அகப்பைக் காம்பால்.
இதை எழுதாமல் விட்டால்
மற்ற எழுத்தெல்லாம் பொய்.

வீக்கமா, சிறுநீரகம்.
அசதியா, சிறுநீரகம்.
குளிரா, இரத்தம் காணாது, அதுவும் சிறுநீரகம்.
ஒரே கள்ளனைக் கட்டி வைத்துவிட்டு
ஊரே நித்திரை கொண்டோம்.

மட்டக்களப்பு கிளினிக்கில்
குருணாகல்காரி டொக்டர்,
தமிழைச் சில்லறைபோல எண்ணித் தருகிறவர்,
கழுத்தைத் தடவிப் பார்த்தார்.
குதிக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார்.
பாதம் துடித்தது.
துடித்த பாதம் திரும்பிவர மறந்து,
பிறகு, மெல்ல, வந்தது.
அவர் அதை மூன்று தரம் செய்து பார்த்தார்.

இரத்தத் துண்டில் முப்பத்தெட்டு.
நாலோ ஐந்தோ இருக்கவேண்டியதாம்.
"தைரொயிட் செய்யுது அம்மா. நல்லாச் செய்யுது.
சுமக்கிற புரதம் சலத்தில் போகுது.
ஏறியிருக்கிறதும் சேர்ந்து போகுது.
செய்து செய்து, காணாமல் போச்சு."

மாரியில் வெள்ளம் வளவுக்குள் ஏறினால்
பெக்கோ கொண்டுவந்து
முகத்துவாரத்து மணலை வெட்டுவார்கள்.
தண்ணீர் வடியும். கிணற்றடி தெரியும்.
வாவியில் விளைந்த இறாலும்
அதே இழுவையில் கடலுக்குப் போய்விடும்.
அடுத்த நாள் வீசினவன் வலையில் சல்வீனியா.
கடல் தானே மண் போட்டு மூடும், சில மாதத்தில்.
இவளுக்குள் வெட்டியது யார் என்று தெரியாது.
மூடுகிற கடல் எந்தப் பக்கம் என்றும்.

இப்போது இன்னொரு குளிசை.
குன்றிமணியிலும் சிறிது.
வெறுவயிற்றில். அரைமணிக்குத் தேத்தண்ணியும் இல்லை.
கல்சியம் நாலு மணித்தியாலம் தள்ளி.
பிரட்னிசொலோன் சாப்பிட்ட கையோடு.
கொப்பியில் அடிமட்டம் வைத்து
புதிதாய் ஒரு நிரல் கீறினேன்.

ஆறாம் கிழமை, வியாழன்.
உப்பில்லாத பொன்னாங்காணி வைத்தேன்.
"இத மனுசர் தின்னுவாங்களா?"
தட்டைத் தள்ளினாள்.
நான் வாய் திறக்கமுன்னம் எழும்பிப் போய்
கதவை அடித்துச் சாத்தினாள்.
நிலைக்கு மேலிருந்து பல்லி ஒன்று விழுந்து ஓடியது.
இன்னொருக்கா சாத்து மகள் என்று
கேட்கலாமா என்று
கீரைக் கையோடு நின்றேன்.

கொப்பியில் அன்றைக்கு,
சலம்: இரண்டு சக.
நிறை: இருபத்தாறரை.
குறிப்பு: கோபம் வந்தது.